மறுபதிப்பில் காணாமல் போகும் கார்வை

ஒரே படத்தின் பின்னணி இசை இரண்டு பதிப்புகளாகக் கையில் இருந்தால், மெல்லிய இசைத்துண்டு ஒன்றின் கடைசி இரண்டு நொடியைக் கேட்டுப் பாருங்கள். வயலின்காரர்கள் வில்லை எடுத்த பிறகும் ஒலிப்பதிவுக் கூடத்தின் கார்வை, அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மிச்சம், கரைந்துகொண்டே இருக்கும். ஒரு பதிப்பில் அது நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்குள் இறங்கி மறையும். இன்னொன்றில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். வாசித்தவர்களும் வாசித்த நாளும் ஒன்றுதான்.

முதலில், எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். காந்த நாடாவைப் பிரதி எடுத்தால், மூலத்தின் இரைச்சலோடு புது நாடாவின் இரைச்சலும் சேரும். இரண்டும் ஒரே அளவென்றால் இரைச்சலின் ஆற்றல் இரட்டிப்பாகும். அதாவது 3 டெசிபல் கூடும். இசைத்தட்டுக்காகத் தயாரித்த பிரதி என்றால் இன்னும் சிக்கல். ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளாமலிருக்க, அதில் கனத்த அடிஒலிகளை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவில் குவித்திருப்பார்கள். கூரிய ஒலிகளை அடக்கியிருப்பார்கள். 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இத்தகைய பிரதிகளிலிருந்தே பல பதிப்புகள் வெளியாயின. இசைத்தட்டின் குறைகள் ஊசியே இல்லாத குறுந்தகட்டிலும் குடியேறின.

சரியான மூல நாடா கிடைத்தாலும், அதைப் படிக்கும் ஹெட் (நாடாவை உரசி ஒலியை எடுக்கும் காந்த முனை) செம்மையாக நிற்க வேண்டும். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 0.038 மில்லிமீட்டர். சராசரித் தலைமுடியின் பருமன்கூட இல்லை. பதிவுசெய்த ஹெட்டின் கோணத்திலிருந்து படிக்கும் ஹெட் இம்மி சாய்ந்தாலும், தடத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அலையின் வெவ்வேறு இடங்களைப் படித்து ஒன்றையொன்று அழிக்கும். டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டான சிம்பலின் மினுமினுப்புதான் முதலில் போகும். பிறகு உயர் ஒலிகளை எவ்வளவு கூட்டினாலும் கூடுவது பெரும்பாலும் இரைச்சல்தான்.

1970கள், 80களில் தயாரான சில நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அவற்றைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வாட்டிய பிறகே ஓட்ட முடியும்.

அடுத்தது ரீமாஸ்டர் செய்பவரின், அதாவது பழைய பதிவை மறுபதிப்புக்காகச் செப்பனிடுபவரின் கை. இரைச்சல் நீக்கும் மென்பொருள், ஒவ்வோர் அலைவரிசைப் பகுதியிலும் இரைச்சலின் மட்டத்தை அளந்துகொண்டு, அந்த மட்டத்தை ஒட்டி வருவதையெல்லாம் குறைக்கிறது. தேயும் கார்வையும் கடைசியில் அந்த மட்டத்துக்குத்தான் வருகிறது. இரைச்சலோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது. கூடம் இருந்த இடத்தில் வெறுமை. இரைச்சல் இருந்தாலும் கார்வை இருக்கும் பதிப்பைத்தான் நான் எடுப்பேன். காது சிறிது நேரத்தில் இரைச்சலை மறந்துவிடும். இல்லாத கூடத்தை அதனால் கட்டிக்கொள்ள முடியாது.

ஒலியின் உச்சங்களை ஒரு வரம்புக்குள் அடக்கும் லிமிட்டர் செய்யும் சேதம் வேறுவகை. குறுந்தகட்டின் 16 பிட் பதிவில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சுக்கு இடமுண்டு. ஆனாலும் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக உச்சங்களை நறுக்கிவிட்டு மொத்தத்தையும் உயர்த்துகிறார்கள். ரகசியம்போல் வரும் புல்லாங்குழலும், முழுக் குழுவும் எழுந்து முழங்கும் இடமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. காட்சிக்காக ஏறி இறங்கிய இசைக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை.

இத்தனைக்கும் அப்படிப்பட்ட பதிப்பே முதலில் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒலி தணியும்போது காது அடிஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைவாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். சத்தம் கூடினால் அவை திரும்பி வந்து, இசை நிறைவாகக் கேட்கிறது. ஆகவே ஒப்பிடும்போது சத்தமான பதிப்பின் ஒலியளவைக் குறைத்து மற்றதோடு சமமாக்குங்கள். பிறகு அந்தக் கடைசி இரண்டு நொடிக்குத் திரும்பிப் போங்கள்.