கொட்டாங்குச்சி மாதிரி பறக்கும் டாங்கித் தலை

தீபாவளிக்கு மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு உண்டு. அணுகுண்டு வெடியைத் தரையில் வைத்து, திரியை மட்டும் வெளியே விட்டு, மேலே ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துவிடுவோம். வெடித்ததும் அது மொட்டை மாடியைத் தாண்டிப் போய் எங்கேயோ விழும். அதே வெடியைத் திறந்த தரையில் வைத்தால் சத்தத்தோடு சரி. (என் தம்பியின் புருவத்தில் இதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு இருக்கிறது, யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

உக்ரைன் போர் வீடியோக்களில் ரஷ்ய டாங்கியின் மேல்பாகம் அப்படியே பிய்த்துக்கொண்டு வானத்தில் எகிறுவதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கொட்டாங்குச்சிதான் ஞாபகம் வந்தது. நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த மேல்பாகத்துக்கு டரட் என்று பெயர். கெடிலம் ஆற்றில் தூர் வாரும் ஹிட்டாச்சியைப் பார்த்திருப்பீர்கள்: கீழே செயின் நின்ற இடத்தில் நிற்கும், மேலே கேபினும் கையும் மட்டும் முழு வட்டம் சுற்றும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பேரிங் வளையம். டாங்கியிலும் அதே ஏற்பாடுதான், என்ன, மண் அள்ளும் கைக்குப் பதில் 120 அல்லது 125 மில்லிமீட்டர் பீரங்கி. வளையம் எவ்வளவு அகலமோ அதற்குத் தகுந்த இடம்தான் உள்ளே ஆளுக்கு. அதை இஷ்டத்துக்குப் பெரிதாக்கவும் முடியாது, வண்டி ரயிலில் ஏற வேண்டும், பாலத்தில் போக வேண்டும்.

டாங்கி என்றாலே எல்லோரும் இரும்பின் தடிமனைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், குண்டை எங்கே வைப்பது, அதை எடுத்துப் போடுவது யார் என்ற இரண்டு கேள்வியிலேயே பாதி டாங்கி முடிவாகிவிடுகிறது.

நம் ராணுவத்திலும் இருக்கும் டி-72ஐ எடுத்துக்கொள்வோம். சோவியத்காரர்கள் குண்டு போடும் ஆளையே தூக்கிவிட்டார்கள். நின்றுகொண்டு குண்டு போட ஓர் ஆள் இல்லையென்றால் டரட்டின் உயரம் குறையும், உயரம் குறைந்தால் கவசம் போட வேண்டிய பரப்பு குறையும், வண்டி சுமார் 41 டன்னில் முடிந்துவிடும், எதிரி குறி வைக்கவும் சின்னதாகத்தான் தெரியும். முட்டாள்தனமான யோசனையே இல்லை. ஆளுக்குப் பதில் ஒரு யந்திரம்: டரட்டுக்குக் கீழே தரையில் ஒரு வட்டத் தட்டு, அதில் 22 குண்டு, வேண்டியதைச் சுற்றிக் கொண்டுவந்து மேலே தூக்கிக் குழாய்க்குள் தள்ளும். மீதி இருபது சொச்சம் குண்டும் மருந்தும் ஆட்களைச் சுற்றி மூலைமுடுக்கெல்லாம் செருகியிருக்கும். கமாண்டரும் கன்னரும் உட்கார்ந்திருப்பது அந்தத் தட்டுக்கு நேர் மேலே. கவசத்தைத் துளைத்து ஒரு தீப்பொறி உள்ளே போய் மருந்து மொத்தமும் பிடித்துக்கொண்டால், அழுத்தம் போக வேறு வழி இல்லை, பல டன் டரட்டுதான் கொட்டாங்குச்சி.

உயரத்தைக் குறைத்ததற்கு இன்னொரு விலையும் உண்டு. பீரங்கி என்பது கிணற்று ஏற்றம் மாதிரி, முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கம் ஏறும். கூரை தணிவாக இருந்தால் பின்பக்கம் சீக்கிரமே கூரையில் இடிக்கும். அதனால் டி-72 தன் பீரங்கியை 6 டிகிரி போலத்தான் கீழே சாய்க்கும், அமெரிக்காவின் ஆப்ரம்ஸ் 10 டிகிரி சாய்க்கும். நாலு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் மேட்டுக்குப் பின்னால் உடம்பை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிச் சுடுவதற்கு அந்த நாலு டிகிரிதான் வேண்டும்.

ஆப்ரம்ஸில் குண்டு போடுவது ஆள்தான். பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் இருக்கும், ஆட்களுக்கும் அதற்கும் நடுவே இரும்புக் கதவு. லோடர் முழங்காலால் ஒரு ஸ்விட்சைத் தட்டுவார், கதவு திறக்கும், குண்டை உருவுவார், கதவு மூடிக்கொள்ளும். பெட்டியின் கூரையை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருக்கிறார்கள், நம் குக்கரின் சேஃப்டி வால்வ் மாதிரி. பின்னால் குண்டு பற்றினால் கூரைத்தகடு பிய்த்துக்கொண்டு நெருப்பு மேலே போகும், கதவு மூடியிருந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதற்கு விலை எடை, வண்டி 60 டன்னைத் தாண்டிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் நடுவழி போனவர்கள். சுற்றும் டரட் வைத்த முதல் டாங்கியே அவர்களுடையதுதான், 1917இன் ரெனோ எஃப்டி. எந்தப் போரில் இறந்தவர்களுக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்களோ, அந்த முதல் உலகப்போர்க் காலத்து வண்டி. அதன் டரட்டில் ஒரே ஆள், அவரே பார்த்து, அவரே குண்டு போட்டு, அவரே சுட வேண்டும். பிறகு வந்த ஏஎம்எக்ஸ்-13இல் பீரங்கியோடு சேர்ந்து டரட்டின் மேல்பாதியே சாயும், பின்னால் ஆறாறு குண்டாக இரண்டு உருளை. 12 சுட்டதும் யாராவது வெளியே இறங்கித்தான் மறுபடி நிரப்ப வேண்டும்! 1962இல் லடாக்கின் சுஷுலுக்கு நம்மவர்கள் விமானத்தில் ஏற்றிப் போனது இதைத்தான். இப்போதைய லெக்லெர்க்கிலும் யந்திரம்தான் குண்டு போடுகிறது, அதிலும் 22 குண்டு. ஆனால் காலடியில் இல்லை, பின்புறப் பெட்டியில். டி-72க்கும் இதற்கும் எண்ணிக்கை ஒன்று, இருக்கும் இடம்தான் வேறு. அதற்காக லெக்லெர்க்கும் முழுசாகத் தப்பித்துவிட்டது என்று சொல்ல முடியாது, கூடுதல் குண்டுகளை டிரைவர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, ஏற்கெனவே இருக்கும் டாங்கியை மேம்படுத்தினால் போதாதா? அங்கேதான் எடை கழுத்தைப் பிடிக்கிறது. ஆவடியில் செய்யும் நம் அர்ஜுன் முதலில் 58.5 டன், மார்க் 1ஏ ஆனபோது 68 டன். எஞ்சின் அதே 1400 குதிரைத்திறன். டன்னுக்கு 24 போல இருந்தது 20 சொச்சமாக இறங்கிவிட்டது. கூடுதல் கவசம் டரட்டின் முகத்தில் ஏறினால் தலை முன்பக்கமாகக் கனக்கும், சரிவில் நிற்கும்போது அதைச் சுற்றும் மோட்டார் திணறும், வளையம் தேயும்.

ரஷ்யா 2015 அணிவகுப்பில் காட்டிய டி-14 அர்மாட்டாவில் டரட்டில் ஆளே கிடையாது, மூன்று பேரும் முன்னால் கவசக் கூண்டுக்குள். டரட் பறந்தாலும் ஆள் பிழைக்கலாம். ஆனால் குழாயில் குண்டு சிக்கினால் கைவிட்டு எடுக்க முடியாது, கேமரா உடைந்தால் தலையை நீட்டி எட்டிப் பார்க்கவும் மேலே ஆள் இல்லை.

இதற்குள் டிரோன் வந்துவிட்டது. எல்லா டரட்டிலும் முகம்தான் தடிமன், கூரை மெலிசு, டிரோன் வருவது கூரைக்கு. இப்போது முன்னணியில் டரட்டுக்கு மேலே கம்பியும் வலையும் வெல்டிங் அடித்துக் கூண்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்த்தால் நம் ஊரில் மாடியில் குரங்கு வராமல் இருக்க அடிக்கும் கிரில் மாதிரியே இருக்கிறது.