பௌலிங் பந்து ஏன் திரும்ப மறுக்கிறது?

பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டில், புதிதில் பின்களுக்கு முன்னால் சட்டென்று வளைந்த பந்து, சில மாதங்களில் நேராகவே ஓடத் தொடங்கும். பந்து செத்துவிட்டது என்று அடுத்ததை வாங்கப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மாறியிருப்பது அதன் தோல் மட்டும்தான்; அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின்வரை, பந்து ஓடும் பலகைப் பாதையான லேன் 60 அடி. அதில் ஏறத்தாழ முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருக்கும். எண்ணெயில் வழுக்கும் பந்து, காய்ந்த பலகையில் பிடிப்புக் கிடைத்ததும் வளைந்து, பிறகு உருளும். பிடிப்பு எங்கே தொடங்கும் என்பது பெரிதும் மேற்பரப்பின் சொரசொரப்பைப் பொறுத்தது. 500 எண் உப்புத்தாளால் தேய்த்த பந்தில் கீறல்கள் ஆழம். அவற்றின் முகடுகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துப் பலகையைத் தொடுவதால் சீக்கிரமே பிடிக்கும். 4000 எண்ணில் முகடுகள் சிறியவை. பந்து தள்ளிப்போய் வளையும். நிறைய வளைய வேண்டுமென்று கண்டபடி சொரசொரப்பாக்குவது தப்புக் கணக்கு. எண்ணெய் குறைந்த லேனில் அந்தப் பந்து வேகத்தையும் சுழற்சியையும் பாதி வழியிலேயே செலவழித்துவிட்டு, பின்களைச் சோம்பலாகத் தட்டும்.

ரியாக்டிவ் ரெசின் என்ற பிசின்வகை மேலோடு கொண்ட பந்துகளின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சும். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் துணியால் துடைத்து, ஆட்டம் முடிந்த கையோடு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அசிட்டோன் மட்டும் கூடாது. அது மேலோட்டை மென்மையாக்கிவிடும்.

உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியேற்ற, விரல் துளைகளை நீர்புகா டேப்பால் மூடி, 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். மேலே வழவழப்பாக எண்ணெய் மிதக்கும். துடைத்துவிட்டு, எண்ணெய் வருவது நிற்கும்வரை நீரை மாற்றித் திரும்பச் செய்யுங்கள். ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் வேண்டாம். மேலோடும் உள்கருவும் வெவ்வேறு அளவில் விரிவதால் பந்தில் விரிசல் விழலாம். பாலியெஸ்டர் பந்து எண்ணெயைக் குடிப்பதில்லை. அதற்கு இந்தக் குளியல் தேவையே இல்லை.

இனி தேய்ப்பு. பந்தை ஒரு கிண்ணத்தின் விளிம்பில் உட்காரவையுங்கள். 2000 எண் பூச்சு வேண்டுமென்றால் நேராக 2000-இல் தொடங்கக் கூடாது. பழைய கீறல்கள் அடியிலேயே தங்கிவிடும். முதலில் நனைத்த 500 எண் தேய்ப்பு வட்டால் நான்கு பக்கமும், பக்கத்துக்கு 30 நொடி, உள்ளங்கையால் ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் அங்கங்கே கோடு விழும். பிறகு பந்தையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சொரசொரத் துகள் அடுத்த கட்டம் முழுவதையும் கெடுத்துவிடும். அடுத்து 1000, பின் 2000; ஒவ்வொன்றும் பக்கத்துக்கு அதே 30 நொடி, அதேபோல நனைத்து. பாலிஷ் போடுவதானாலும் அடித்தளம் முக்கியம்: 500-க்கு மேல் போட்ட பாலிஷும் 2000-க்கு மேல் போட்டதும் கண்ணுக்கு ஒன்றுபோல மின்னலாம், லேனில் வெவ்வேறு மாதிரி ஓடும்.

போட்டி நடுவே தேய்ப்பதை, அமெரிக்காவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதி தடைசெய்கிறது. 2020 ஆகஸ்ட் முதல் திரவம் ஊற்றித் துடைக்கவும் அனுமதியில்லை, உலர்ந்த துணி மட்டுமே. ஆகவே தேய்ப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் ரொம்ப முன்கூட்டியும் வேண்டாம்: 500-இல் விட்ட பந்தை லேனே சில ஆட்டங்களில் வழவழப்பாக்கிவிடும், பாலிஷ் போட்டதோ மெல்ல மங்கும்.