குண்டின் எடையும் கச்சான் காற்றும்

ஆனி, ஆடி மாதங்களில் தனுஷ்கோடி மணல்திட்டில் நின்றவர்களுக்குக் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றின் வலிமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. ரயிலையே காக்கவைக்கும் அந்தக் காற்று, ஆறரை கிராம் எடையுள்ள ஒரு துப்பாக்கிக் குண்டை எவ்வளவு தூரம் விலக்கும்? அமெரிக்காவின் வயோமிங் புல்வெளிகளில் பிராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்கின் வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். நம் கோடியக்கரையில் மேயும் வெளிமான், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இங்கு வேட்டைக்கு இடமில்லை. இயற்பியல் மட்டும் இரு நிலங்களுக்கும் பொது.

பிராங்ஹார்னை அமெரிக்கர்கள் இரலை என்றே அழைத்தாலும், உயிரியல்படி அதன் நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கிதான். எடை பெரும்பாலும் 40 முதல் 60 கிலோவுக்குள் இருக்கும். கூரிய பார்வையுடன் திறந்த வெளியில் வாழ்வதால் அருகே நெருங்குவது கடினம். உடல் சிறியதென்பதால் பெரிய தோட்டா தேவையில்லை. தோளில் குறைவாக உதைக்கும் துப்பாக்கியைத்தான் சுடுபவர் அசையாமல் பிடிக்கவும் முடியும். 1955-இல் வெளிவந்த 243 வின்செஸ்டர் இவ்வகையில் பெயர்பெற்ற தோட்டா. தோட்டாவின் நுனியிலிருந்து பாய்ந்து செல்லும் பகுதியே குண்டு; இதில் அது 6.17 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், நம் பொற்கொல்லர்களின் நெல்லெடையைப் போலவே தானியத்திலிருந்து பிறந்த அளவு அது.

இதே தோட்டாவில் 55 கிரெயின் குண்டும் வரும், 100 கிரெயின் குண்டும் வரும். எடை குறைந்தது வினாடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் வேகத்திலும், கனமானது 900 மீட்டர் வேகத்திலும் குழலை விட்டுப் புறப்படும். வேகமாகப் போவதே காற்றுக்குத் தப்பும் என்று எவருக்கும் தோன்றும்; அந்த எண்ணம் தவறானது.

100 கிரெயின் குண்டு 300 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.38 வினாடி ஆகிறது. பக்கவாட்டில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அந்த நேரத்துக்குள் அது குண்டைக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளிவிடும் என்று பெருக்கிப் பார்த்துச் சொல்லத் தோன்றும். உண்மையில் விலகுவது சுமார் கால் மீட்டர்தான். காரணம், காற்று குண்டை விலாவில் கைவைத்துத் தள்ளுவதில்லை. நங்கூரமிட்ட படகு தன் முன்பக்கமான அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்வதுபோல, சுழலும் குண்டும் தன்மீது மோதும் காற்றோட்டத்தின் திசைக்கு மூக்கை மிகச் சிறிதளவு திருப்பிக்கொள்கிறது. எனவே காற்றுத்தடை நேர்பின்னாக இழுக்காமல் சற்றே சாய்வாக இழுக்கிறது. அந்தச் சாய்வுதான் விலகல். தடையே இல்லையென்றால் விலகலும் இல்லை. வெற்றிடத்தில் அதே தூரத்துக்கு 0.33 வினாடி போதும், மிகுதியான 0.05 வினாடியைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் கால் மீட்டர் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரரான டிடியோனின் பெயரால் குறிப்பிடுவர். பாம்பனில் ரயிலை நிறுத்தும் காற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 80 சென்டிமீட்டர் வரும். பிராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் அடங்கும் பகுதியோ 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமே கொண்டது.

ஆகவே, எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறது என்பதைவிட, புறப்பட்ட வேகத்தில் எவ்வளவைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதே குண்டின் தரம். பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று உற்பத்தியாளர்கள் தரும் எண் அதைத்தான் அளக்கிறது: விட்டத்துக்கு மிஞ்சிய எடை, கூரான மூக்கு, ஒடுங்கிய பின்புறம் ஆகியவை அந்த எண்ணை உயர்த்தும். 55 கிரெயின் குண்டு குட்டையானது. முந்திப் புறப்பட்டு விரைவிலேயே களைத்துவிடும். குறைவாக உதைக்கும் தோட்டாவுக்குள் நீளமான குண்டு என்பதே என் தேர்வு.

நீளத்துக்கு ஒரு விலை உண்டு. நீண்ட குண்டு தலைகுப்புறப் புரளாமலிருக்க அதிகச் சுழற்சி வேண்டும். குழலின் உள்பள்ளங்கள் 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வெட்டப்பட்டிருந்தால், 900 மீட்டர் வேகத்தில் குண்டு வினாடிக்கு 3,500 முறைக்கு மேல் சுழலும். 100 கிரெயினுக்கு அது பொதுவாகப் போதும். அதைவிட நீளமானவற்றுக்கு 20 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று தேவைப்படலாம். ஈயம் கலக்காத செப்புக் குண்டுகளும், செம்பின் அடர்த்தி குறைவென்பதால், அதே எடைக்கு நீண்டுவிடுகின்றன. வேட்டைக்கு ஈயத் தோட்டாக்களைக் கலிபோர்னியா 2019 முதல் முழுமையாகத் தடை செய்திருப்பதால், அங்கே இது ஏட்டுக்கணக்கு மட்டுமல்ல.

உயரமும் கணக்கில் சேரும். வயோமிங்கின் சராசரி உயரம் சுமார் 2,000 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தடையும் அதற்கேற்பக் குறைவு. மண்டபம் கடற்கரையின் புழுக்கம் குண்டைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். ஈரக்காற்று, அதே வெப்பத்திலுள்ள வறண்ட காற்றைவிட இலேசானது.

கடைசியாக, குண்டு இலக்கை அடைந்தபின் விரிய வேண்டும். மென்மூக்குக் குண்டுகள் பலவும் நம்பகமாக விரிய வினாடிக்கு 550 மீட்டர் அளவிலான வேகம் தேவை. 243 வின்செஸ்டரின் சாதாரண 100 கிரெயின் குண்டு அந்த வேகத்துக்கு இறங்குவது சுமார் 450 மீட்டர் தூரத்தில். அதற்கு அப்பால் நிற்கும் விலங்கை அது தொட்டாலும், விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போய், காயத்தோடு ஓடவிடக்கூடும்.