வால்வு செட் ஏன் நழுவுகிறது?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பழைய ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்பவர்கள், நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே வால்வு செட்டுக்கு, அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் பழைய வானொலிக் கருவிக்கு, வந்துவிடும். அதன் அருமையைச் சொல்லிக்கொண்டே வருபவர்கள் குறையையும் அதே பெருமையோடுதான் சொல்வார்கள்: "போட்டு அரை மணி நேரம் சூடாகணும் சார். அதுவரைக்கும் டயல்ல இருந்து கையை எடுக்க முடியாது." பிடித்து வைத்த நிலையம் தானாகவே விலகிக்கொண்டிருக்கும். இதைத்தான் நழுவல் என்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

ஏரியலில் எத்தனையோ நிலையங்களின் அலைகள் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன. வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க, 1918-இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த சூப்பர்ஹெட் முறைதான் பெரும்பாலான செட்டுகளில் இருக்கிறது. நாம் கேட்க நினைப்பது 7050 கிலோஹெர்ட்ஸ் என்றால், செட்டுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 7505-இல் ஓர் அலையை உண்டாக்கும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 455. அதற்குப் பிறகுள்ள வால்வுகள் எல்லாம் அந்த 455-ஐ மட்டுமே பெருக்கும்படி அமைக்கப்பட்டவை. டயலைத் திருப்பும்போது முக்கியமாக நகர்வது ஆசிலேட்டர்தான்.

புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸுக்கு இன்னொரு வேலை பாக்கி. அதில் ஒலியே கிடையாது. அலை வரும், நிற்கும், அவ்வளவுதான். ஆகவே 456-இல் இரண்டாவது ஆசிலேட்டர் ஒன்றை ஓடவிட்டு 455-ஓடு கலக்கிறோம். மிஞ்சுகிற 1 கிலோஹெர்ட்ஸ்தான் காதில் விழும் 'கீ...' ஓசை.

சரி, நழுவலுக்கு வருவோம். வால்வு வேலை செய்ய, எலக்ட்ரான்களை வெளிவிடும் அதன் கேத்தோடு சிவக்கச் சூடாக வேண்டும். பல வால்வுகள் சேர்ந்து எரியும்போது, எல்லாம் பொருத்தப்பட்ட உலோகச் சட்டமான சேஸிஸ் முழுக்க மெல்ல மெல்ல வெப்பம் ஏறும். ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கம்பிச் சுருளான காயிலின் செம்புக் கம்பி கொஞ்சம் விரியும். காயில் பெரிதானால் அதிர்வெண் இறங்கும். இறக்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7505 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 750 ஹெர்ட்ஸ். 455-உம் அந்த அளவு குறைய, 456-க்கும் அதற்கும் இடைவெளி கூடும்; 1000 ஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டிருந்த மோர்ஸ் ஓசை 1750-க்கு ஏறிவிடும். இரண்டாவது ஆசிலேட்டரை 454-இல் வைத்திருந்தால் அதே ஓசை 250-க்கு இறங்கியிருக்கும்.

சாதாரண வானொலி ஒலிபரப்பு முறையான ஏ.எம். பேச்சுக்கு இது பெரிய தொல்லை இல்லை. குரலைச் சுமந்து வரும் கேரியர் அலை குரலோடு கூடவே வருவதால் இரண்டும் சேர்ந்தே நழுவும். ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. முறையில் கேரியரை அனுப்புகிறவரே நீக்கிவிடுகிறார். இங்கே நம் ஆசிலேட்டர்தான் அதை ஈடுகட்ட வேண்டும். 150, 300, 450 என மடங்குகளாக இருக்கும் குரலின் சுரங்கள் 100 ஹெர்ட்ஸ் தள்ளிப்போனால் 250, 400, 550 ஆகும். மடங்கு உறவு முறிந்துவிடுகிறது. வாத்து பேசுவது போல் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கெட்டிக்காரர்கள் இதற்கு மருந்தும் வைத்திருந்தார்கள். காயிலோடு சேர்ந்து அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது, மின்னூட்டத்தைத் தேக்கும் கண்டென்சர். என்750 என்ற செராமிக் கண்டென்சரின் கொள்ளளவு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 750 பங்கு குறையும். காயில் இறக்கும் அதிர்வெண்ணை அது ஏற்றிவிடும். மின்னழுத்தம் ஆடினாலும் அதிர்வெண் ஆடுமென்பதால், ஆசிலேட்டருக்கு மட்டும் விஆர்150 என்ற வாயு வால்வு வழியே 150 வோல்ட் தருவார்கள். மாலையில் கரண்ட் ஏறி இறங்கும் ஊர்களுக்கு இது வரப்பிரசாதம்.

அலையை அனுப்பும் கருவியான டிரான்ஸ்மிட்டரில் இந்த வம்பே வேண்டாமென்று பலர் குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்தார்கள். ஏழு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்பது கால் மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு. மெல்லிய தேய்ப்புப் பொடியில் தேய்த்தால் அதிர்வெண் ஏறும். பென்சிலால் கிறுக்கினால் சற்றே இறங்கும். ஆனால் ஒரு கிரிஸ்டலுக்கு ஓர் அதிர்வெண்தான். அதனால் ஒருவர் தன் அதிர்வெண்ணில் அழைப்பார், பதில் வேறோர் அதிர்வெண்ணில் வரும், பேண்டு முழுக்கத் தேட வேண்டும்.

கிரிஸ்டல் இல்லாத டிரான்ஸ்மிட்டரில், மோர்ஸ் தட்டும் கீயை அழுத்தியதும் மின்னழுத்தம் சற்றுத் தாழும், ஓசையும் ஒரு கணம் வளையும். 'சிர்ப்' என்பார்கள். பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள்: ஒவ்வொரு ஹாமுக்கும் பெயர் போல உள்ள அழைப்புக் குறி வரும் முன்பே, வளைவைக் கேட்டு ஆளைச் சொல்லிவிடலாமாம். சரியாக அடிக்கும் செட்டைவிடக் கோளாறு செட்டுக்குத்தான் அடையாளம் அதிகம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

பரணிலிருந்து பழைய வால்வு செட் ஒன்றை இறக்கினால் நேராக பிளக்கில் சொருகிவிடாதீர்கள். சீரிஸ் லேம்ப் வழியே, அதாவது இடையில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து, கரண்ட் கொடுங்கள். பல்பு முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நம் கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெழுகு பூசிய காகிதக் கண்டென்சரை. ஈரம் குடித்து அது ஒழுகத் தொடங்கினால், முந்தைய வால்வின் பிளேட்டில் உள்ள உயர் வோல்ட்டேஜ், அடுத்த வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு வந்துவிடும். அவுட்புட் வால்வு சிவந்து எரியும், டிரான்ஸ்பார்மரும் போகும். மாற்றித்தான் ஆக வேண்டும். சில பிடிவாதக்காரர்கள் பழைய மெழுகு உறையைக் குடைந்து, புது பாலியெஸ்டர் கண்டென்சரை அதற்குள் வைத்து, மறுபடி மெழுகு ஊற்றி மூடுகிறார்கள். மூடியைத் திறந்து பார்க்கிற நண்பருக்கு ஒன்றும் தெரியக்கூடாதாம்!