ஐந்து மொடியூலும் பச்சை, நெட் மட்டும் இல்லை

நெட்வேர்க் கண்காணிப்பு சொஃப்ட்வெயாரைப் பக்கேஜாக வாங்கி ஏமாந்த இடம், இந்த வருஷத்தில் இது நான்காவது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்த கையோடு போன் வந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர். "தம்பி, கம்பியூட்டர்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. ஆனா பெக்டரியில நெட் இல்ல. நேத்து நிறுத்த கொழுந்துக் கணக்கு ஒண்ணும் ஆபீசுக்கு வரல. தொரை கத்துறாரு."

ஹட்டனிலிருந்து மழையில் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. ஆபீஸ் மேசையில் பெரிய திரை. அதில் நெட்வேர்க் கண்காணிப்பு சொஃப்ட்வெயார். சாதனங்களின் நிலை, டிராஃபிக் (டேட்டாப் போக்குவரத்து) பகுப்பாய்வு, கொன்ஃபிக் (சாதனத்தின் உள் அமைப்பு) பெக்கப், ஐபி முகவரி மேலாண்மை, சேர்வர் கண்காணிப்பு என்று ஐந்து மொடியூலும், அதாவது ஐந்து வேலைப் பகுதியும், ஒரே பக்கேஜில். ஐந்தும் பச்சை. இருநூறு யார் தள்ளிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெக்டரியோ இரவு முழுக்க இருட்டில்.

திரை ஏன் பச்சை காட்டியது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. பூட்ட வந்தவர் சாதனங்களைக் கண்டுபிடிக்கும் தானியங்கித் தேடலை ஆபீஸ் சப்நெட்டில் (ஆபீசுக்குரிய ஐபி முகவரித் தொகுதியில்) மட்டும் ஓட விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு ரேடியோக்களால் கம்பியில்லாமல் பள்ளத்தைக் கடக்கும் வயர்லெஸ் பிரிட்ஜின் பெக்டரிப் பக்க ரேடியோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பச்சை விளக்குக்குத் தெரிந்தது, தனக்குக் காட்டிய சாமான்கள் உயிரோடு இருக்கின்றன என்பது மட்டும்தான்.

இனி எனக்கு இரத்தக் கொதிப்பு வரவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "பக்கேஜா எடுத்தா எல்லாம் தெரியும்." தொரைமார், ஹோட்டல் மனேஜர்மார், பாடசாலை அதிபர்மார் எல்லோர் வாயிலும் இதே வசனம். எதுவும் தெரியாது ஐயா. சொஃப்ட்வெயாருக்குக் கண் கிடையாது. சாதனம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். டிராஃபிக் மொடியூல் வேலை செய்ய வேண்டுமானால் உங்கள் ரவுட்டர் நெட்ஃப்ளோவோ எஸ்ஃப்ளோவோ (எந்த டேட்டா எங்கே போகிறது என்ற அறிக்கை) அனுப்ப வேண்டும், அதை யாராவது ரவுட்டருக்குள் போய் இயக்கி வைக்க வேண்டும். இங்கே யாரும் இயக்கவில்லை. கொன்ஃபிக் பெக்கப் மொடியூலுக்கு, கொன்ஃபிக் என்று ஒன்று இருக்கும் சுவிட்ச் (நெட்வேர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும். இவர்களிடம் இருந்த மூன்றும் கடையில் வாங்கி அப்படியே செருகுகிற சாதாரண சுவிட்ச்கள். சாதனம் தன் நிலையைச் சொல்லும் மொழியான எஸ்என்எம்பி கிடையாது, லொகின் கிடையாது, பெக்கப் எடுக்க உள்ளே ஒன்றும் கிடையாது. ஐபி மொடியூல்? மொத்தம் நாற்பது முகவரி. அதைப் பெரிய கிளாக்கர் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார், அதுதான் சரியாகவும் இருந்தது. கொழுந்து வராத பெக்டரியில் ஆறு ரோலர் பூட்டி என்ன செய்ய?

விற்பவரைக் கேட்டால், தனித்தனியாக வாங்குவதை விடப் பக்கேஜ் மலிவு என்பார். உண்மைதான். ஐந்தும் தேவைப்படுகிறவனுக்கு அது மலிவு. ஒன்று மட்டும் தேவைப்படுகிறவனுக்கு அது மற்ற நான்கின் விலை.

அதற்காகத் தனித்தனியாக வாங்குங்கள் என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். விலைப்பட்டியலில் தனி வரியில் இருக்கும் மொடியூல் எல்லாம் தனியாக ஓடும் என்று நம்பாதீர்கள். சோலர்விண்ட்ஸ் கம்பனியின் நெட்ஃப்ளோ மொடியூல் நீண்டகாலம் அவர்களுடைய அடிப்படைக் கண்காணிப்பு மொடியூலின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது. அது இல்லாமல் இது இல்லை, இரண்டினதும் லைசன்ஸ் அளவும் பொருந்த வேண்டும். மறுபக்கம், சோஹோவின் மனேஜ்இஞ்சினில் அதே டிராஃபிக் பகுப்பாய்வைத் தனிப் பொருளாகவும் வாங்கலாம், ஒப்மனேஜர் என்ற அவர்களுடைய கண்காணிப்பு சொஃப்ட்வெயாருக்கு ஒட்டாகவும் வாங்கலாம், ஒப்மனேஜர் பிளஸ் என்ற பக்கேஜுக்குள்ளும் வாங்கலாம். ஒரே சாமான், மூன்று கதவு. எந்தக் கதவால் போகிறீர்கள் என்பதில்தான் விலை.

லைசன்ஸை எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று கேட்காமல் கொட்டேஷனில் கையெழுத்து வைக்கிறவர்களை என்ன சொல்ல? 24 போர்ட் சுவிட்ச் ஒன்றை எடுங்கள். சாதனக் கணக்கில் அது 1. சென்சர் கணக்கில், அதாவது அளக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் எண்ணினால், ஒவ்வொரு போர்ட்டின் டிராஃபிக்கும் ஒரு சென்சர், கூடவே சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் ஒன்று, இயங்கு நேரம் ஒன்று, மொத்தம் 26. இப்படிச் சென்சரை எண்ணும் பிஆர்டிஜி என்ற கண்காணிப்பு சொஃப்ட்வெயார் நீண்டகாலமாக 100 சென்சர் வரை இலவசம். நூறு என்றதும் வாயைப் பிளப்பவர்கள் நான்காவது சுவிட்சைச் சேர்க்கும்போது 104 என்று விழிப்பார்கள். (எல்லாப் போர்ட்டையும் சேர்க்காதீர்கள். மேலே போகும் அப்லிங்க் போர்ட்டையும், சேர்வர் செருகிய போர்ட்டையும் பார்த்தால் போதும். கணக்குக் கிளாக்கரின் பிரின்டர் போர்ட்டைப் பார்த்து யார் என்ன செய்யப் போகிறீர்கள்?)

இன்னொன்றும் இடையில் சொல்லிவிடுகிறேன். கிகாபிட் லிங்கை, கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுண்டரில் அளக்காதீர்கள். முழு வேகத்தில் அது 34 வினாடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிற சொஃப்ட்வெயார் அதை வைத்து வரைவது வெறும் கற்பனைச் சித்திரம். 64 பிட் கவுண்டரைத் தெரிவு செய்யுங்கள்.

பக்கேஜ் நியாயமான இடமும் உண்டு. இருபது தோட்டத்தைக் கொழும்பிலிருந்து பார்க்கிற பெருந்தோட்டக் கம்பனி, திரைக்கு முன்னால் முறை வைத்து உட்கார ஆட்கள், எல்லா இடத்திலும் உள்ளே போய் அமைக்கக்கூடிய மனேஜ்ட் சுவிட்ச். அங்கே நேற்று மாலை யாரோ மாற்றிய கொன்ஃபிக்கும் இன்று காலை விழுந்த லிங்கும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவது பெரிய உதவி. தனித்தனி சொஃப்ட்வெயாரில் அதை மனிதன்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் திரையைப் பார்க்க ஆளே இல்லாத இடத்துக்கு ஒரே திரை எதற்கு?

டொலர் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வருடா வருடம் டொலரில் புதுப்பிக்கும் பக்கேஜை வைத்திருந்த ஒரு ஹோட்டல்காரர் பில்லைப் பார்த்துவிட்டுப் புதுப்பிக்காமலே விட்டார். சந்தா லைசன்ஸ் என்பதால் ஐந்து மொடியூலும் ஒரே நாளில் நின்றன. தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டைக் கைவிட்டு மூன்றை வைத்திருக்கலாம். நிரந்தர லைசன்ஸ் என்றால் பராமரிப்புப் பணம் கட்டாவிட்டாலும் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்பு என்றதும் 2020 டிசம்பர் ஞாபகம் வருகிறது. சோலர்விண்ட்ஸின் ஓரியன் கண்காணிப்புத் தளத்துக்கு வந்த முறையான அப்டேட்டுக்குள்ளேயே திருட்டு நிரல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் 18,000 பேருக்கு உட்பட்டவர்கள் என்று கம்பனியே சொன்னது. நம்மூர்த் தோட்டத்தை யார் தாக்கப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். கண்காணிப்பு சேர்வரிடம் எல்லாச் சாதனத்தின் பாஸ்வேர்டும் இருக்கும். பக்கேஜ் என்றால் எல்லாம் ஒரே பெட்டியில். ஆகவே பார்ப்பதற்கு வாசிக்க மட்டுமான அனுமதி கொடுங்கள். கொன்ஃபிக் மொடியூலுக்கு வேறு கணக்கு. எஸ்என்எம்பியில் பாஸ்வேர்ட் போல இருக்கும் கொம்யூனிட்டிப் பெயர் இன்னும் 'பப்ளிக்' என்றே இருந்தால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டுப் போய் மாற்றிவிட்டு வாருங்கள். எஸ்என்எம்பி வெர்ஷன் 3 தெரிந்த சாதனத்தில் வெர்ஷன் 3 போடுங்கள்.

தயவுசெய்து இன்னொன்று. எச்சரிக்கை மின்னஞ்சல் எந்த லிங்கால் வெளியே போகிறது என்று பாருங்கள். விழுந்த லிங்கு வழியாகவே 'லிங்கு விழுந்தது' என்று அனுப்பப் பார்க்கும் சேர்வர்களை நான் இரண்டு இடத்தில் கண்டிருக்கிறேன். ஒரு சிம் போட்ட மொடம் போதும், எஸ்எம்எஸ் போய்விடும். வாங்குவதற்கு முன்னால் சோதனைப் பதிப்பை ஒரு மாதம் ஓடவிட்டு, ஒரு நாள் மத்தியானம் நீங்களே ஒரு கேபிளைக் கழற்றிப் பாருங்கள். யாருடைய போன் அடிக்கிறது என்று அப்போது தெரியும்.

அந்தத் தோட்டத்துக்கு வருவோம். பெக்டரிப் பக்க ரேடியோவுக்குள் போய்ப் பார்த்தேன். சிக்னல் மைனஸ் 84 டிபிஎம் (பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது). பூட்டிய நாளில் மைனஸ் 58 என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. டீமேக்கர் மூடுபனிதான் காரணம் என்று சத்தியம் செய்தார். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மூடுபனி ஒரு பொருட்டே அல்ல. ஜன்னலால் எட்டிப் பார்த்தால், நடுவில் நின்ற சவுக்கு மரத்தின் கொப்பு ஒன்று நனைந்து கனத்து நேர் குறுக்கே தொங்குகிறது.

இரண்டு ஆட்கள் ஏணி வைத்து வெட்டினார்கள். மைனஸ் 60. பெக்டரிப் பக்க ரேடியோ இரண்டு நிமிஷ வேலையில் பட்டியலில் ஏறியது. அதற்குத் தேவைப்பட்டது முதல் மொடியூல் மட்டும். ஸபிக்ஸ் அல்லது லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு சொஃப்ட்வெயார் லைசன்ஸ் பணம் இல்லாமல் அதைச் செய்யும். புதுப்பிக்கும் பில் வரும்போது தொரையிடம் காட்டவென்று பெரிய கிளாக்கர் அந்த இரண்டு பெயரையும் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

சவுக்கு மறுபடி தளிர்க்கும். சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே இறங்கினால் அவருடைய போனுக்கே எஸ்எம்எஸ் வரும்படி வைத்திருக்கிறேன். கத்தியைத் தீட்டி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.