நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அணையும் கணினி

அந்த மாணவி எங்கள் பயிற்சிக்கு வந்தபோது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பிறவியிலேயே பார்வை இல்லை. கையில் மடிக்கணினி இருந்தது, தட்டச்சும் நன்றாக வந்தது. ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எந்த வேலையில் இருந்தாலும் அரைமணி நேரம் தாண்டியதும் கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிப்பார், எல்லாவற்றையும் மூடுவார், கணினியை அணைத்து மறுபடி போடுவார். ஏன் என்று கேட்டேன்.

"நாப்பது நிமிஷம் ஆனா பேச்சு நின்னுடும் சார். அதுக்கு முன்னாடி நானே அணைச்சிடுவேன்."

விஷயம் இதுதான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானை உரிமம் வாங்காமல் நிறுவினால் ஒரு தடவைக்கு 40 நிமிடம் ஓடும். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க நிறுவனம் கொடுத்திருக்கும் வசதி அது. இவர் அதை வைத்தே இரண்டு ஆண்டுப் படிப்பை ஓட்டியிருந்தார். பார்வையுள்ளவர்களுக்குச் சொல்வதென்றால், 40 நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ வந்து உங்கள் மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசே வேண்டாத என்விடிஏ என்ற திரைவாசிப்பான் பற்றி அவருக்குத் தெரியாதா? தெரியும். "அது இலவசம்தானே சார், வேலைக்குப் போனா அதையெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். இந்த வாக்கியத்தை 16 ஆண்டுகளாக வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். நானும் பார்வையற்றவன், இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறவன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

திரைவாசிப்பான் என்பது திரையில் இருக்கும் எழுத்து, பொத்தான், பட்டியல், இணைப்பு எல்லாவற்றையும் குரலாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் மென்பொருள். விண்டோஸில் ஜாஸ், என்விடிஏ, கூடவே வரும் நரேட்டர் ஆகிய மூன்றும்தான் இன்று அதிகம் புழக்கத்தில் இருப்பவை. நரேட்டரை இங்கே விட்டுவிடுகிறேன். புதுக் கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும். மற்றதை நிறுவிக்கொள்ளும் வரை கைகொடுக்கும்.

ஜாஸ் சாதாரணப் பொருள் அல்ல. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த டெட் ஹென்டர் 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வை இழந்தார். அவர் ஒரு கூட்டாளியோடு தொடங்கிய நிறுவனம் 1989இல் விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கும் 1995இல் விண்டோஸுக்கும் ஜாஸைக் கொண்டுவந்தது. பார்வையற்ற ஒருவர் தனக்குத் தேவை என்று தொடங்கியதுதான் இதுவும். இதை மறந்துவிட்டு 'கார்ப்பரேட் கொள்ளை' என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆனால் விலை? அமெரிக்காவிலேயே வெகுகாலம் அதன் நிரந்தர உரிமம் ஆயிரம் டாலரையொட்டி இருந்தது. அதைவிடக் குறைந்த விலைக்குக் கணினியே கிடைக்கும்போது, அதைப் பேசவைக்க அவ்வளவு என்றால் நம் ஊரில் எத்தனை குடும்பங்களால் முடியும்?

அதே கேள்வி 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞருக்கும் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார், அதுதான் என்விடிஏ. சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். 2007இல் என்வி ஆக்சஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவானது. என்விடிஏவின் மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், நண்பருக்குக் கொடுக்கலாம்.

சரி, தரம்? வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களிடம் அவ்வப்போது கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024இல் வெளியானதில் முதன்மைக் கருவி எது என்று கேட்டதற்கு ஜாஸ் என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். வழக்கமாகப் பயன்படுத்துபவை எவை என்று கேட்டபோது என்விடிஏ 65.6, ஜாஸ் 60.5. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று பார்க்காதீர்கள். பலரும் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆகாத கருவியை இத்தனை பேர் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் நான் கற்றது ஜாஸின் திருட்டுப் பிரதியில். கற்றுக்கொடுத்ததும் அதில்தான். அன்று யாருக்கும் அது தவறாகவே தோன்றவில்லை, பென்டிரைவில் பிரசாதம் மாதிரி கைமாறும். ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பைத் திறந்தால் ஆறு கணினிகளும் ஊமை. ஞாயிறு இரவு ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, உரிமப் பூட்டை உடைத்த கோப்பை வைரஸ் என்று அழித்திருந்தது. அதன் மேல் தப்பில்லை. பதினோரு பிள்ளைகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆனது என்று பார்த்துச் சொல்லக் கண் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. அன்று மதியமே ஆறிலும் என்விடிஏ ஏறியது. அதன் நிறுவி, ஓடத் தொடங்கும்போதே பேசும். வேறு ஒருவர் துணை இல்லாமல் நான் நிறுவிய முதல் திரைவாசிப்பான் அதுதான்.

முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். தமிழும் படிக்கும், ஆனால் ரோபோ தமிழ். இன்று அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. விண்டோஸில் தமிழ்க் குரலைப் பதிவிறக்கிக்கொண்டால் என்விடிஏ அதிலேயே பேசும். மைக்ரோசாஃப்ட் அந்தக் குரலுக்கு வைத்த பெயர் வள்ளுவர்! சென்னை ஐஐடி தலைமையில் உருவான இந்திய மொழிக் குரல்களும் என்விடிஏவில் இயங்கும்படி செய்யப்பட்டன. என்விடிஏவின் மெனுக்களைத் தமிழாக்கியவர்கள் தன்னார்வலர்கள். ஒரு நிறுவனம் என்றால் தமிழில் எத்தனை உரிமம் விற்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்கும். அது வியாபாரம், அப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் ஜாஸ் எங்கே வேண்டும்? வேறிடத்துக் கணினியை நம் திரையில் கொண்டுவரும் சிட்ரிக்ஸ் போன்ற தொலைமேசை வழியாக ஓடும் அலுவலக மென்பொருள்களில் அது நெடுநாளாக முன்னே நிற்கிறது. பார்வையற்றவர்களும் பயன்படுத்துவார்கள் என்று யோசிக்காமல் எழுதப்பட்ட பழைய மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதிப் பேசவைக்கும் கலை ஜாஸ் உலகில் நன்றாக வளர்ந்திருக்கிறது. வேலை அதைக் கேட்கிறதென்றால் வாங்கத்தான் வேண்டும், ஆனால் வாங்கித் தர வேண்டியது முதலாளி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்கள் தகுந்த வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

நிறுவனம் வாங்கித் தந்தாலும் உரிமம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் படித்த ஒருவர் வங்கி ஊழியர். கிளை மாற்றம் வந்தது, புதுக் கணினி வந்தது. அவருடைய வாசிப்பானின் உரிமம் பழைய கணினியோடு கட்டப்பட்டிருந்தது. அதை விடுவிக்காமலேயே அந்தக் கணினியை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம், அங்கிருந்து விற்பனையாளருக்குக் கடிதம் என்று ஆறு வாரம் ஓடியது. அதுவரை அவர் கவுன்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். பென்டிரைவில் என்விடிஏ கொண்டுபோனால் யுஎஸ்பியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஐடி பிரிவைக் கேட்டால், "ஓபன் சோர்ஸா? பாதுகாப்பு எப்படி?" என்கிறார்கள். அதன் ஒவ்வொரு வரியையும் நீங்களே திறந்து பார்க்கலாம், மற்றதில் அப்படிப் பார்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. இப்போது அவர் கணினியில் இரண்டும் இருக்கின்றன.

என்விடிஏ மாதிரி நிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் என்றால் காலத்துக்கும் நிலைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் ஆர்கா என்ற வாசிப்பான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆதரவில் வளர்ந்தது. 2010இல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அதன் பின்னால் இருந்தவர்களின் வேலை போனது. ஆனால் நிரல் வெளியே இருந்ததால் ஜோன்மேரி டிக்ஸ் என்பவர் எடுத்து நடத்தினார், இன்றும் ஓடுகிறது. நிரல் வெளியே இல்லாத விண்டோ ஐஸ் என்ற தனியுரிம வாசிப்பானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிறுவனம் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஜாஸின் உரிமையாளரிடமே போய்ச் சேர்ந்தது. 2017இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி விரல்களைப் பழக்கியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் என்விடிஏவைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். எச் அழுத்தினால் தலைப்பு, கே அழுத்தினால் இணைப்பு, டி (T) அழுத்தினால் அட்டவணை. விரல் இதில் பழகிவிட்டால் ஜாஸுக்கு மாற ஒரு வாரம் போதும். வலைப்பக்கத்தில் இந்த மாதிரிச் சாவிகள் பலவும் இரண்டிலும் ஒன்றுதான். பென்டிரைவில் ஒரு பிரதி எப்போதும் வைத்திருங்கள். ஆனால் நிர்வாகி அனுமதி கேட்கும் திரை வந்தால் அந்தப் பிரதி மௌனமாகிவிடும், பதறாதீர்கள். அப்புறம், முதல் சம்பளம் வாங்கியதும் என்வி ஆக்சஸுக்கு நூறோ இருநூறோ அனுப்புங்கள். எழுதுகிறவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு.

அந்த மாணவி இன்று ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். முறையான உரிமத்தோடு ஜாஸ், பக்கத்திலேயே என்விடிஏ. போன மாதம் கூப்பிட்டார். வந்த சுற்றறிக்கை இரண்டிலுமே புரியவில்லையாம். எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்கச் சொன்னேன். "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் இருப்பது அந்த ஆங்கில விசைகள்தான். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு இங்கிலீஷ். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய வாசிப்பானும் அதைத் தமிழாகப் படிக்காது. கோப்பிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் ஒருங்குறியை (யுனிகோட்) தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல்.

அனுப்பியவரிடமே பேசி ஒருங்குறியில் கேளுங்கள் என்றேன்.

"கேட்டுட்டேன் சார். ப்ரின்ட் எடுத்துப் படிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க."