இன்டர்கூலர்: ஊட்டுகாற்றுக் குளிர்விப்பான்

எஞ்சினின் புகை வேகத்தால் சுழலும் டர்போசார்ஜர் அமுக்கி அனுப்பும் காற்று எஞ்சினுக்குள் நுழையும் முன் அதன் சூட்டைத் தணிக்கும் வெப்பப் பரிமாற்றியே இன்டர்கூலர். பல கார்களில் அது முன்பக்க பம்பருக்குப் பின்னால், அலுமினியத் தகடுகள் அடுக்கிய பெட்டியாக, ரேடியேட்டரைப் போன்றே காட்சியளிக்கிறது. பெயரிலும் 'கூலர்' இருக்கிறது. அதனால் எஞ்சினைக் குளிரவைக்கும் இரண்டாவது ரேடியேட்டர் என்றே பலரும் அதை எண்ணிவிடுகிறார்கள். அது பிழையான எண்ணம். ரேடியேட்டருக்குள் ஓடுவது எஞ்சினின் சூட்டைச் சுமந்து வரும் கூலன்ட். இன்டர்கூலருக்குள் ஓடுவதோ, எரிபொருளோடு சேர்ந்து எரியப்போகும் காற்று. இந்த வேறுபாட்டைப் பெயரே சொல்லிவிட வேண்டும். இதற்குத் தமிழ்ச்சொல் அமைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

'இன்டர்' என்பது 'இடையே' எனப் பொருள்படும் லத்தீன் முன்னொட்டு. வடமொழியின் 'அந்தர்' இதற்கு உறவுச்சொல். நாம் புழங்கும் 'அந்தரம்' அந்த வழியில் தமிழுக்கு வந்ததே. ஆனால் இன்டர்கூலர் என்ற கூட்டுச்சொல் காருக்காகப் பிறந்ததன்று. தொழிற்சாலைக் காற்றமுக்கிகளில் உயர் அழுத்தம் வேண்டுமானால் காற்றை ஒரேயடியாக அமுக்காமல் இரண்டு மூன்று படிகளாக அமுக்குவது வழக்கம். முதற்படியில் சூடேறிய காற்றைக் குளிர்வித்து அடுத்த படிக்கு அனுப்பினால், அதை மேலும் அமுக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் குறையும். இப்படி இரு படிகளுக்கு இடையில் நிற்பது இன்டர்கூலர். கடைசிப் படியைத் தாண்டி நிற்பது ஆஃப்டர்கூலர். அந்தத் துறையில் இவ்விரு சொற்களும் இன்றும் தனித்தனிப் பொருளிலேயே வழங்குகின்றன.

எஞ்சின் உலகத்துக்கு வந்தபோதுதான் எல்லை மங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ஒன்பதாம் வகையில் பொருத்தப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் 60 வரிசை எஞ்சினை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 1942-இல் போர்முனைக்கு வந்த அந்த எஞ்சினின் மிகையூட்டி (எஞ்சினே சுழற்றும் காற்றமுக்கியான சூப்பர்சார்ஜர்), காற்றை இரண்டு படிகளாக அமுக்கியது. இரு படிகளுக்கும் நடுவே உறையிலேயே குளிர்நீர் ஓடும் வழிகள் இருந்தன. இரண்டாம் படிக்குப் பிறகு, காற்று எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில், தனியாக ஒரு குளிர்விக்கும் பெட்டியும் இருந்தது. முன்னது இடையில் நிற்பது, பின்னது கடைசியில் நிற்பது. ஆயினும் 'இன்டர்கூலர்' என்ற ஒரே பெயர் இரண்டையும் தழுவிக்கொண்டது.

கார்களில் நிலைமை இன்னும் எளியது. 1978 மாடலாக வந்த 3.3 லிட்டர் போர்ஷே 911 டர்போவின் பின்பக்க இறக்கைக்கு அடியில் இன்டர்கூலர் அமர்ந்திருந்தது. அதிலும், இன்று ஓடும் பெரும்பாலான டர்போ கார்களிலும் அமுக்கும் படி ஒன்றே ஒன்றுதான். இடை என்று சொல்ல இரண்டாம் படியே இல்லாததால், கறாராகப் பார்த்தால் அவற்றில் இருப்பவை ஆஃப்டர்கூலர்களே. கேட்டர்பில்லர் நிறுவனம் தன் எஞ்சின்களுக்கு அந்தப் பெயரையே கையாள்கிறது. ஜெர்மானியர் இடத்தை விட்டுவிட்டு, 'எஞ்சினுக்கு ஊட்டப்படும் காற்றைக் குளிர்விப்பது' எனப் பொருள்படும் 'லாடெலுஃப்ட்க்யூலர்' என்ற சொல்லை அமைத்துக்கொண்டார்கள். கருவி எங்கே நிற்கிறது என்பதைவிட எதைக் குளிர்விக்கிறது என்பதே அதன் அடையாளமாதலால், என் பார்வையில் அவர்கள் வழியே சிறந்தது.

காற்றை ஏன் குளிர்விக்க வேண்டும்? எந்த வளியை அமுக்கினாலும் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவருக்கு இது தெரியும். 35 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை, 70 விழுக்காடு திறனுள்ள அமுக்கி வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருமடங்காக்கினால், கணக்குப்படி அது ஏறத்தாழ 130 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைவதால், அழுத்தம் இருமடங்கானாலும் ஆக்சிஜன் இருமடங்காவதில்லை. இதைக் குளிர்வித்து 65 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே அழுத்தத்தில் அடர்த்தி சுமார் 20 விழுக்காடு கூடும். பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு நன்மையும் உண்டு: சூடான காற்றில் எரிபொருள் கலவை நேரங்கெட்டுத் தானே வெடிக்கும் 'நாக்கிங்' கோளாறு கட்டுக்குள் நிற்கும். டீசலில் புகைபோக்கிச் சூடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். நம் சாலைகளில் ஓடும் டாடா லாரிகளின் எஞ்சின் பெயரில் வரும் 'டிசிஐசி' என்ற சுருக்கத்தின் பின்பாதி இந்த இன்டர்கூலரைக் குறிப்பதே.

இனித் தமிழ்ச்சொல். 'இடைக்குளிர்விப்பான்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பலபடிக் காற்றமுக்கிக்கு அது முற்றும் பொருந்தும். அங்கே அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். காருக்கு அதைச் சொன்னால், எதற்கும் எதற்கும் இடையே என்ற கேள்வி எழுவதோடு, எது குளிர்கிறது என்பதும் விளங்காமல் போகிறது. 'குளிரூட்டி' என்றால் கேட்பவர் ஏசியை நினைப்பார். ஆகவே 'ஊட்டுகாற்றுக் குளிர்விப்பான்' என்பதை நான் முன்வைக்கிறேன். குடிக்கப்படும் நீர் குடிநீர் ஆனதுபோல, ஊட்டப்படும் காற்று ஊட்டுகாற்று. வினைத்தொகையாதலால் காற்றின் முன் ஒற்று மிகாது. 'குளிர்விப்பான்' என்பதன் 'ஆன்' ஈறு ஆண்பாலுக்குரியது என்று தயங்குவோர் உளர். 'அழிப்பான்' பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள்ளேயே நிலைபெற்றுவிட்ட பிறகு அந்தத் தயக்கம் தேவையில்லை. பட்டறைப் பேச்சில் இன்டர்கூலர் என்ற சொல்லே நிற்கும், நிற்கட்டும். பாடநூலிலும் விளக்கக் கட்டுரையிலும் பொருள் துலங்கும் சொல் வேண்டும்.

இதனோடு சேர்ந்து வரும் 'ஆஃப்டர்மார்க்கெட்' என்ற சொல், கார் விற்பனையான பிறகு அதற்கான உதிரிபாகங்களுக்கென நடக்கும் சந்தையைக் குறிப்பது. 'பின்சந்தை' என்று பெயர்த்தால் பின்பக்கத்துச் சந்தை என்று தோன்றுவதால், கம்பெனிக்கு வெளியே வாங்குவது என்ற பொருள் தரும் 'வெளிச்சந்தை' மேலானது. வெளிச்சந்தை இன்டர்கூலர் மாற்றும் வேலையில், குளிர்வது காற்று என்ற உண்மை ஒவ்வொரு முடிவிலும் வந்து நிற்கும். பெட்டி பெரிதானால் குளிர்ச்சி கூடும். ஆனால் உள்ளே காற்று தடைபட்டால் அழுத்தம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ மேலும் வேகமாகச் சுழன்று, மேலும் சூடான காற்றையே அனுப்பும். பெட்டியின் வெளிப்புறத்தைத் தழுவும் காற்றும் அதே அளவு முக்கியம்: ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால் தடித்த பெட்டியை நிறுத்தினால், அவற்றுக்குப் போகும் காற்று குறைந்து எஞ்சினின் சூடு ஏறக்கூடும். பம்பருக்குள் இருக்கும் மோதல் தாங்கும் கம்பியை வெட்டித்தான் பொருத்த முடியும் என்றால், அந்தப் பெட்டி அந்தக் காருக்கு உரியதன்று.

இணைப்புகளில் கவனம் இருமடங்கு வேண்டும். குழாய் முனையில் விளிம்பு புடைத்திருக்க வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகே சிலிக்கோன் ஹோஸை ஏற்றி, கிளாம்ப்பைப் புடைப்புக்கு உட்புறமாக முடுக்க வேண்டும். பிசுக்கோடு முடுக்கிய ஹோஸ் அழுத்தம் ஏறியதும் வழுக்கிக் கழன்றுவிடும். வேலை முடிந்ததும் குழாய்த் தொடரில் மிதமான அழுத்தத்தில் காற்றை அடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது கட்டாயம். குமிழி எழும் இடத்தில் அளந்து எடுத்த காற்று வீணாகிறது. எஞ்சினை இயக்கும் கணினியின் கணக்குகள் பழைய அளவிலேயே இருந்தால், பெட்டியை மாற்றியதால் மட்டும் திறன் பெரிதாக ஏறிவிடாது. கோடை வெயிலில் நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது திறன் தளராமல் நிற்பதே அப்போது கிடைக்கும் உண்மையான பயன்.